பச்சை முகம்

பால் அடிப்பிடித்த பாத்திரத்தை யுவஸ்ரீ கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேடைமேல், டீத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த போனிலிருந்து ஒரு பெண்குரல் தோள்களைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பி வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். குரல் முடிந்ததும் திரையில் வழக்கம்போல மூன்று முகங்கள் வந்தன. பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் சும்மா இருக்கும், சிவப்பு முகத்துக்கு வாய் கோணியிருக்கும். இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதியிருக்கும். கையெல்லாம் சோப்பு என்பதால் அவள் முழங்கையைத் தூக்கிப் பச்சை முகத்தின்மேல் வைத்து அமுக்கினாள். முதல் தடவை பதியவில்லை. மறுபடியும் அமுக்கினாள். போன் சிணுங்கியது, ஒரு நட்சத்திரம் வந்து மறைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, வரும்போது பாத்திரம் துலக்க ஒரு ஸ்டீல் நார் வாங்கி வரச் சொன்னாள். பழையது விரலைக் குத்துகிறதாம்.

அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். அன்று மத்தியானம் அவள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். எப்படி என்று போலீஸிடம் சொன்னேன். விசாரணை செய்த அதிகாரியிடம் சொன்னேன். துக்கம் கேட்க வந்து அதை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களிடமும் சொன்னேன். இங்கே சொல்வதாக இல்லை. எங்கள் மகள் ஹரிணி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு நிறையப் பால் கொடுத்து, முகம் துடைத்து, துணி மாற்றி, மேலே கொசுவலையும் போட்டிருந்தது.

பால் தெளித்த அன்று யுவஸ்ரீ வேலை செய்த கம்பெனியிலிருந்து ரேவதி மேடம் வந்தார். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். என் மாமனார் ராஜப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிங்காரப்பேட்டைப் பக்கம் நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிறவர். ரேவதி மேடத்துக்குக் கம்பெனியில் என்ன வேலை என்று எனக்கு அன்றுவரை சரியாகத் தெரியாது. வெல்னஸ் மேடம் என்று யுவா சொல்வாள். கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைப் பின்னுகிற அந்தக் கம்பெனியில் வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களில் யார் கர்ப்பமானாலும் இந்த மேடம் கூப்பிட்டு, போனில் 'தாய்மனம்' என்ற ஆப்பை ஏற்றிவிடுவார். தினமும் அதைக் கேட்கவேண்டும், மூச்சை இழுத்து விடவேண்டும், முகத்தை அமுக்கவேண்டும்.

ராஜப்பன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்தது மரியாதைக்கு இல்லை. வேலை செய்யும் இடத்தில் என் பெண்ணுக்கு என்ன கஷ்டம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மேடம் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவர் தன் போனை எடுத்து எதையோ தேடி, மாமனாரின் முகத்துக்கு நேரே நீட்டினார். மாதக் காலண்டர் மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. அவர் விரலால் தள்ளத்தள்ள மாதங்கள் நகர்ந்தன. எல்லாக் கட்டமும் பச்சை.

"அப்பா, இதப் பாருங்க. கன்சீவ் ஆனதுலேர்ந்து தெனமும் யுவஸ்ரீ எங்க கவனிப்புலதான் இருந்தாங்க. ஒரு நாள்கூட ரெட் கிடையாது. மஞ்சள்கூட இல்ல. அன்னைக்குக் காலைலகூட கிரீன். எங்க சைடுல அவங்க ரொம்ப ஹேப்பியாத்தான் இருந்தாங்கப்பா."

எங்க சைடு என்றார். இன்னொரு சைடு எது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, நான் அங்கேதான் மொட்டைத்தலையோடு நின்றுகொண்டிருந்தேன். ராஜப்பனுக்குப் படிப்பு குறைவு. ஆனால் பச்சை என்றால் என்னவென்று ஒரு விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சையாக நின்ற பயிர் ஒரே பகலில் கருகினால் அவர் முதலில் பக்கத்து வயல்காரனைத்தான் பார்ப்பார், மருந்து எதையாவது தெளித்தானா என்று. அந்தப் பார்வையோடு என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை அவர் மாப்ள, நீங்க என்றுதான் பேசியிருக்கிறார்.

"காத்தால பச்ச. மத்தியானம் பொணம்," என்றார். "நடுவுல என்னடா பண்ண எம்பொண்ண?"

நான் ஷிஃப்டில் இருந்தேன் என்றேன். மெஷின்கூட ஷிஃப்டில்தான் இருந்தது என்று என் மைத்துனன் ஹரீஷ்குமார் பின்னாலிருந்து சொன்னான். அன்று சாயந்தரம் ஹரிணியைத் துணிமூட்டையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். காரியம் முடியட்டும், தாயில்லாப் பிள்ளையை ஷிஃப்டுக்குப் போகிறவன் எப்படிப் பார்ப்பான் என்று என் சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். காரியம் முடிந்தது. பிள்ளை திரும்பி வரவில்லை. கேட்டுப் போன் செய்தால் எடுக்கவில்லை. எனக்கு அப்பா அம்மா இல்லை, கூட வந்து கேட்கவும் ஆள் இல்லை.

அந்த ஆப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. அந்தக் குரல் பேசிய தமிழை எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை, ரேடியோவில்கூட இல்லை. உங்கள் எண்ணங்களை மேகங்களைப் போலக் கடந்து செல்ல அனுமதியுங்கள் என்று சொல்லும். யுவா கட்டிலில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து, "இந்தாங்க, அனுமதிச்சிட்டேன், போங்க" என்று ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள். ஒருநாள் குரல் சொன்னது, நீங்கள் ஒரு அடர்ந்த காட்டுக்குள் தனியாக நடந்துகொண்டிருக்கிறீர்கள், உங்களுக்குப் பயமில்லை என்று. "எங்க, சானமாவு காட்டுலயா? ஆன வந்தா எந்த முகத்த அமுக்கறது?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். தொடர்ந்து பச்சை அமுக்கினால் நட்சத்திரம் சேரும். நட்சத்திரம் சேர்ந்தால் சாம்பியன் அம்மா என்று கம்பெனியில் கூப்பிட்டு, பேபி சோப்பும் ஒரு துண்டும் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோ எங்கள் வீட்டில் இருந்தது. யுவா ரேவதி மேடத்தின் தோளுக்குக் கீழே, கண்ணை மூடியபடி நிற்பாள்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். வேடிக்கை நின்றுபோயிருந்தது. குழந்தை தூங்கும்போது தூங்கமாட்டாள், தொட்டிலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் என்னிடம், "இது அழுவுதுங்க, எனக்கு யாரோ எங்கயோ அழுவற மாதிரி இருக்குது" என்றாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது நான் நர்ஸிடம் சொன்னேன். பச்சை உடம்பு, முதல் குழந்தை, அப்படித்தான் இருக்கும் என்றார். என் மாமியார் செல்வம்மாளிடம் சொன்னேன். பச்ச ஒடம்புக்காரி, பூண்டு நிறையப் போட்டுக் கொடுங்க மாப்ள என்றார். யாரைக் கேட்டாலும் பச்சை உடம்பு என்ற அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றார்கள்.

கடைசியில் அந்த ஆப்பிலேயே இருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். நான் வேலை செய்யும் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே, லாரிகள் திரும்பும் இடத்தில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். மனைவி சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, குழந்தையைத் தன் குழந்தை மாதிரி பார்க்கவில்லை, டாக்டர் யாரிடமாவது காட்டவேண்டும், யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை என்றேன். எதிர்முனையில் இருந்த பையன் பொறுமையாகக் கேட்டான். அவளுடைய எம்ப்ளாயி நம்பரைக் கேட்டான். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சார், உங்க ஒய்ஃபோட ஸ்கோர் பாத்துட்டேன். ஷீ இஸ் டூயிங் வெரி வெல். எல்லாமே கிரீன் சார். நீங்கதான் கொஞ்சம் டென்ஷனா இருக்கற மாதிரி தெரியுது. அப்பாக்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்பறேன், டவுன்லோட் பண்ணிக்குங்க."

லிங்க் வந்தது. வீட்டில் கண்ணெதிரே பார்த்ததைச் சொன்ன என்னை அந்தப் பையன் நம்பவில்லை. அவன் கையில் பச்சை இருந்தது. என்னிடம் வெறும் பேச்சு இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டலாம், முன்பே பெயர் கொடுத்துவைத்துவிட்டேன் என்று யுவாவிடம் சொன்னேன். சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் நான் முதலில் எழுதியது நடந்துவிட்டது.

பிள்ளையைக் கேட்டு முதல்முறை சிங்காரப்பேட்டைக்குப் போனபோது ஹரீஷ்குமார் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டின் அந்தப் பக்கம் நின்றபடி, "எல்லாப் பொம்பளைங்களுக்கும் மாசத்துல நாலு நாள் மூஞ்சி தொங்கும். எங்கக்காவுக்கு ஒரு நாள்கூட தொங்கல. கம்பெனியே சொல்லுது. அப்புறம் என்னத்துக்குடா அவ சாவணும்?" என்றான். நான் நர்ஸிடம் பேசியதைச் சொன்னேன், போனில் அந்தப் பையனிடம் பேசியதைச் சொன்னேன். உன் பேச்சுக்கு யார் சாட்சி என்றான். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் நடக்கிற விசாரணை எனக்கும் நடந்தது. அந்த அதிகாரி என்னைக் கேட்ட கேள்விகளில் பாதி அந்தக் கட்டங்களைப் பற்றித்தான். அன்று காலையிலும் மகிழ்ச்சி என்று பதிவாகியிருக்கிறதே என்றார். மகிழ்ச்சி என்ற வார்த்தையை அவர் சொன்னபோது, அவள் முழங்கை ஞாபகம் வந்தது. முழங்கையை எப்படி ஒரு அதிகாரிக்கு எழுதிக் கொடுப்பது?

எனக்கே அது புரியாமல்தான் இருந்தது. தினமும் அவள் ஏன் பச்சையை அமுக்கினாள்? சிரிக்கவே சிரிக்காத மாதங்களிலும்? என்னிடம் சொன்னதை அதனிடம் ஏன் சொல்லவில்லை? நான் வேலை செய்வது கடைசல் மெஷினில். நானும் மெஷினும் மட்டும்தான். லைன் வேலை எனக்குத் தெரியாது.

தெரிந்தவள் பொற்கொடி. லைனில் யுவாவுக்குப் பக்கத்து இடம். துக்கத்துக்கு வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனவளை, ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தில் போய்ப் பிடித்தேன். கம்பெனி கோட்டுக்குள் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. என்னைக் கண்டதும் நடையை வேகப்படுத்தினாள். பிறகு என்ன தோன்றியதோ, டீக்கடையின் ஓரத்தில் நின்றாள். டீ வேண்டாம் என்றாள்.

நான் கேட்டதைக் கேட்டு அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "இத்தன மாசம் அவகூட குடித்தனம் பண்ணீங்க, அவ என்ன வேல பாக்கறான்னு ஒரு தடவ கேட்டீங்களா அண்ணா?" என்றாள். பிறகு சொன்னாள். கடகடவென்று, யாராவது பார்க்கிறார்களா என்று பஸ் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் அதைக் கேட்டு முடித்ததும், இதை சிங்காரப்பேட்டையில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். விசாரணைக்கெல்லாம் வரமாட்டேன், கையெழுத்துப் போடமாட்டேன், எனக்கும் வேலை வேண்டும் என்றாள். அங்கே வேண்டுமானால் ஒரு தடவை வருகிறேன். அதுவும் உங்களுக்காக இல்லை, யுவா பிள்ளையை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றாள்.

வார விடுமுறையில் கிருஷ்ணகிரி போய் அங்கிருந்து பஸ் மாறிப் போனோம். வழியில் அவள் என்னோடு பேசவில்லை, வேறு சீட்டில் உட்கார்ந்தாள். ராஜப்பன் வரப்பில் சொட்டுநீர்க் குழாயை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஹரீஷ்குமார் ஹரிணியைத் தோளில் போட்டபடி களத்தில் நின்றான். நான் பிள்ளையைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு ஹரீஷின் காதைப் பிடித்து இழுப்பதில் மும்முரமானாள்.

ராஜப்பன் மேலே ஏறி வந்து, பொற்கொடியின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஒண்ணு புடிச்சிட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பொற்கொடி முந்திக்கொண்டாள். "பெரியவரே, உள்ள இருக்கறது எம்புருசன் கொழந்த. அவரு ராயக்கோட்டைல லாரி ஓட்டறாரு, வேணும்னா நம்பர் தரேன், கேட்டுக்குங்க," என்றாள். "நான் உங்க பொண்ணுக்குப் பக்கத்து ஸ்டேஷன். ஒரே டப்பால சோறு தின்னவ. உக்காரச் சொன்னா உக்காந்து பேசுவேன், கால் வீங்கிக் கெடக்குது."

செல்வம்மாள் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். என்னைப் பார்க்கவில்லை. பொற்கொடி உட்கார்ந்து, என்னிடம் டீக்கடையில் சொன்னதை இன்னும் மெதுவாக, மெஷினையே பார்க்காதவர்களுக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். யுவாவின் வேலை ஒயர்க் கட்டைச் சோதிப்பது. அவளுக்கு முன்னால் இரண்டு பொத்தான் இருக்கும். சரியாக இருந்தால் பச்சை. தப்பு இருந்தால் சிவப்பு. அப்படித்தான் டிரெய்னிங்கில் சொல்லித்தருவார்கள். சிவப்பை அமுக்கினால் மொத்த லைனும் நின்றுவிடும். தலைக்குமேல் விளக்கு எரியும், ஐஸ்க்ரீம் வண்டி மாதிரி ஒரு பாட்டுப் பாடும். வரிசையில் உள்ள அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சூப்பர்வைசர் ஓடிவருவான், யார் அமுக்கியது என்று கேட்பான். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் அத்தனை பேரும் ஷிஃப்ட் முடிந்தும் நிற்கவேண்டும். அப்படி நிற்கிறவர்கள், பஸ் போய்விட்ட எரிச்சலில், அமுக்கினவளைத்தான் திட்டுவார்கள்.

"புதுசுல யுவா ஒரு தடவ அமுக்கினா," என்றாள் பொற்கொடி. "நெசமாவே தப்புதான், பின்னு உள்ள போவல. ஆனா அன்னைக்கு அவள நாங்க பேசின பேச்சு இருக்குதே. நான்தான் ரொம்பப் பேசினேன். அதுக்கப்புறம் அவ அமுக்கல. யாருமே அமுக்கமாட்டோம். தப்பு வந்தா ஒரு டேப்ப சுத்தி அடையாளம் வெச்சுட்டு, பச்சைய அமுக்கி அனுப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்துல ஓடிப்போயி நாங்களே சரி பண்ணிடுவோம்."

"அது வயரு," என்றார் ராஜப்பன். "இது உசுரு."

"வெரலு ஒண்ணுதானுங்க."

அவள் தொடர்ந்தாள். போனில் அந்த முகங்கள் வந்தபோது அவர்கள் யாரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. சிவப்பு என்றால் எங்கோ விளக்கு எரியும், யாரோ ஓடிவருவார்கள், எல்லோருக்கும் தெரியும். நாகம்மா என்று ஒருத்தி மட்டும் ஏதோ நினைப்பில் ஒருநாள் மஞ்சளை அமுக்கினாள். ரேவதி மேடம் லைனுக்கே வந்து, எல்லோர் முன்னாலும் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். கண்ணாடி ரூமில் உட்காரவைத்து மூச்சுவிடச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும், நாகம்மா கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மனசுக்கு லேசான வேலை என்று அவளை அட்டைப்பெட்டி மடிக்க மாற்றினார்கள். பிரசவம் முடிந்து வந்தபோது அந்த வேலையும் இல்லை, உடம்பு இன்னும் தேறவேண்டும் என்றார்கள்.

"அதுக்கோசரம் பச்ச," என்றாள். "கை தானாப் போவுது. நெனச்சு அமுக்கறதில்ல."

ஹரீஷ்குமார், எங்கக்கா ஒன்றும் கம்பெனிக்குப் பயந்தவள் இல்லை, எங்களிடம் சொல்லியிருப்பாள் என்றான். வீட்டில் தினமும் போனில் பேசுவாளே என்றான். பொற்கொடி அவனுக்குப் பதில் சொல்லாமல் செல்வம்மாளைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட என்னங்கம்மா சொல்லுவா?"

செல்வம்மாள் வாசல்படியில் உட்கார்ந்தார். "சாப்ட்டியான்னு கேப்பேன். சாப்ட்டேன்னுவா. பாப்பா நல்லாருக்குதான்னு கேப்பேன். நல்லாருக்குதுன்னுவா. நீ நல்லாருக்கியாடின்னு..."

"அதுவும் பச்சதானுங்கம்மா."

சொட்டுநீர்க் குழாயில் எங்கோ ஓட்டை இருந்திருக்கவேண்டும், ஒரே இடத்தில் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. ராஜப்பன் அதைப் போய் நிறுத்தவில்லை. அவர் அப்படித் தண்ணீரை வீணாக்கி நான் பார்த்ததில்லை. பிறகு பொற்கொடியின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

"நீ என்ன அமுக்கற?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றின்மேல் போட்டுக்கொண்டாள். நான் அதைக் கேட்டிருக்கவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடையில், வழியெல்லாம், எனக்கு அவள் சாட்சியாக மட்டும் இருந்தாள்.

"பச்ச," என்றாள்.

செல்வம்மாள் எழுந்து உள்ளே போனார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அலுமினியத் தட்டில் களியும் கீரையும் போட்டு எடுத்துவந்தார். ஒரு தட்டுதான். பொற்கொடியின் கையில் கொடுத்து, கண்டிப்பான குரலில் தின்னு என்றார். கால் வீக்கத்தைக் குனிந்து அமுக்கிப் பார்த்தார். தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்று பொற்கொடி சொன்னதும், "பொய் சொல்லாத," என்றார். "எங்கிட்ட சொல்லாத பொய்ய." பிறகு தண்ணீர் கொண்டுவரத் திரும்பியவர், ஹரீஷின் தோளிலிருந்து குழந்தை அவரிடம் தாவியதும் வாங்கிக்கொண்டார். ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் பிள்ளை. இரண்டையும் சமாளிக்க முடியாமல் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன். பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுக் குடத்தடிக்குப் போனார்.

கனமாக இருந்தாள். எண்ணெய் வாசம் வந்தது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள். ஹரீஷ் இரண்டு எட்டு முன்னால் வந்தான். ராஜப்பன் விடு என்கிற மாதிரி கையைக் காட்டினார்.

பஸ்ஸுக்கு நேரமானபோது அவரே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். ஹரிணி என் பிள்ளை, நான் வளர்க்கிறேன், ஷிஃப்டை மாற்றிக்கொள்கிறேன், ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது வரும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், வராதது இன்னும் மோசமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டுக்கிட்டேன்," என்றார். "நீ ஒண்ணும் பண்ணலன்னே வெச்சுக்கோ. அவ ரெண்டு வீட்டுக்கும் பச்சதான் காட்டியிருக்கா. நான் தூரத்துல இருந்தேன். நீ ஒரே ரூம்புல இருந்த. கொழந்த இங்கதான் இருக்கும். வேணும்னா வந்து பாத்துட்டுப் போ, கேட்டு பூட்டமாட்டேன்."

திரும்பும்போது பொற்கொடி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். செல்வம்மாள் கட்டிக்கொடுத்த கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தாள். ஊத்தங்கரை தாண்டியதும், அந்த டாக்டர் ஓசூரில் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். யுவாவுக்குப் பெயர் கொடுத்துவைத்தீர்களே, அவர். வழி சொன்னேன். போனாளா என்று எனக்குத் தெரியாது. பையன் பிறந்து ராயக்கோட்டைக்கே போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விசாரணை முடிந்து என்மேல் ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். காரணம் தெரியவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கம்பெனி அந்த ஆப்பை நிறுத்தவில்லை. இப்போது முகங்கள் ஐந்தாம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஆரஞ்சு ஒன்று, பச்சைக்குப் பக்கத்தில் இன்னும் அடர்த்தியான பச்சை ஒன்று. சிப்காட் பஸ் ஸ்டாப்பில் ரேவதி மேடத்தை ஒருநாள் காருக்குள் பார்த்தேன். அவரும் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நிறுத்தச் சொல்லி, கண்ணாடியில் அடித்து, அந்தக் கட்டங்களை இன்னொரு தடவை காட்டச் சொல்லியிருக்கலாம். சிக்னல் விழுந்து கார் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்காரப்பேட்டைக்குப் போகிறேன். கேட்டைப் பூட்டுவதில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். தட்டில் சோறும் வைக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் எனக்குப் பெயர் இல்லை. மாப்ள என்று யாரும் கூப்பிடுவதில்லை, வெங்கட் என்றும் கூப்பிடுவதில்லை. தூரத்தில் நான் வருவதைக் கண்டால் ஹரீஷ் உள்ளே பார்த்து, ஓசூரு வருது என்பான். ஓசூருக்குத் தண்ணி குடு என்பார் செல்வம்மாள்.

ஹரிணி இப்போது ஓடுகிறாள். பேச்சு வந்துவிட்டது. அப்பா என்று ராஜப்பனைக் கூப்பிடுகிறாள், ஹரீஷ் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு. போன வாரம் நான் கேட்டைத் திறந்ததும் களத்திலிருந்து மண் அப்பிய கையோடு ஓடிவந்து, என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, உரித்த கடலை ஒன்றை மேலே நீட்டினாள்.

"ஓசூரு," என்றாள். "இந்தா, தின்னு."

ராஜப்பன் வரப்பில் நின்றிருந்தார். செல்வம்மாள் வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். அவளை யாரும் திருத்தவில்லை. நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.